ஃபிளாஷைப் பிடித்துக்கொள்ளுங்கள்: டிசி காமிக்ஸின் ரீபூட் குழப்பத்துக்குள் நுழைய ஒரு முழு வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய புத்தகக் கடையில் 'இன்ஃபினிட் க்ரைசிஸ்' தொகுப்பு பாதி விலைக்குக் கிடைத்தது. புரட்டினால் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் மூவரும் இருந்தார்கள். வேறென்ன வேண்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். முதல் அத்தியாயத்தில் மூவரும் இடிந்துபோன ஒரு கட்டடத்துக்குள் நின்று சண்டை போடுகிறார்கள். சரி. அத்தியாயம் முடியும் இடத்தில், காதோரம் நரைத்த இன்னொரு சூப்பர்மேன் படிகச் சுவரைக் குத்தி உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். யார் இவர்? அப்பாவா, பெரியப்பாவா? புத்தகத்தை இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பதில் அதற்கு இருபது வருடம் முன்பு வந்த வேறொரு கதையில் இருந்தது.

அப்போது நான் செய்த தப்பைத்தான் புதிதாகப் படிக்க வருகிற பலரும் செய்கிறார்கள். கதாநாயகனைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறோம். அது எந்தக் காலத்துக் கதை, யார் எழுதியது என்று பார்ப்பதில்லை. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்ததிலிருந்து வரிசையாகப் படித்துவிட்டால் புரிந்துவிடும் என்று சிலர் கிளம்புவார்கள். யாரும் முடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முடித்தாலும் புரியாது, ஏனென்றால் நடுவில் பல தடவை கதையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். டிசியின் உலகத்தை முழுசாகக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, இரண்டு ஒட்டுக்கு நடுவே ஒரு எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதல் படி: மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ரீலாஞ்ச், ரெட்கான், ரீபூட். இணையத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிப் புழங்குகிறார்கள். டிவி சீரியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

சீரியலுக்குப் புது டைட்டில் பாட்டு போட்டு, நேரத்தை மாற்றி, 'புத்தம் புதிய அத்தியாயம்' என்று விளம்பரம் செய்வார்கள். கதை நேற்று விட்ட இடத்திலிருந்தே போகும். அது ரீலாஞ்ச். காமிக்ஸில் இதழ் எண் மறுபடி 1 என்று ஆகும், அவ்வளவுதான்.

செத்துப்போனதாகக் காட்டிய மாமனார் 400ஆவது எபிசோடில் திரும்பி வந்து, "அன்னிக்கு ஆத்துல விழுந்தது நானே இல்லை" என்று சொன்னால் அது ரெட்கான். நடந்து முடிந்த கதைக்குப் பின்னால் போய்ப் புது விளக்கம் செருகுவது.

சீரியலையே மறுபடி பெண் பார்க்கும் காட்சியிலிருந்து வேறு முகங்களோடு தொடங்கினால், பழையது நடக்கவே இல்லை என்றால், அது ரீபூட்.

டிசி அதிகமாகச் செய்வது இந்த மூன்றிலும் சுத்தமாகச் சேராத ஒரு கலப்படம். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு வருமே, அது மாதிரி. முகம் மாறிவிடும், ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் இவர்தான் எப்போதும் இருந்தவர் என்பதுபோலப் பேசுவார்கள். சீரியல்காரர்களாவது கார்டு போடுகிறார்கள்.

இரண்டாம் படி: ஒட்டுப் போட்ட இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ் என்ற ஒரே பாத்திரத்தைப் பின்தொடருங்கள். டிசி எப்போதெல்லாம் தன் உலகத்தைக் கிழித்துத் தைத்ததோ, அப்போதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு ஃபிளாஷ் நின்றுகொண்டிருப்பார்.

முதல் ஃபிளாஷ் ஜே காரிக். 1940இல் வந்தார், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவருடைய இதழ் நின்றுபோனது. 1956இல் ஷோகேஸ் 4ஆம் இதழில் பேரி ஆலன் என்ற புது ஃபிளாஷை உருவாக்கினார்கள். அந்தக் கதையில் பேரி ஒரு பழைய ஃபிளாஷ் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பார். அதாவது பேரியின் உலகத்தில் ஜே காரிக் வெறும் கதாபாத்திரம். 1961இல் ஃபிளாஷ் 123ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸ் அதையே திருப்பிப் போட்டார். பேரி வேறோர் உலகத்துக்குள் போய் விழுகிறார், அங்கே ஜே காரிக் நிஜமாகவே வயதாகி, மனைவியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அந்தப் பழைய காமிக்ஸ்? அதை எழுதியவர் தூக்கத்தில் கனவு கண்டு எழுதினாராம். அந்த எழுத்தாளர் பெயர் கார்ட்னர் ஃபாக்ஸ் என்று கதையிலேயே வரும்! குறும்புக்கார மனிதர்.

இப்படித்தான் பூமி-1, பூமி-2 என்று ஆரம்பித்தது. என் பழைய புத்தகத்தில் சுவரை உடைத்து வந்த நரைத்த சூப்பர்மேன் பூமி-2காரர். இருபது வருடத்தில் பூமிகள் பெருகின. 1985இல் மார்வ் வுல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' 12 இதழ்களில் எல்லாவற்றையும் ஒரே பூமியாக இடித்துக் கட்டியது. 7ஆம் இதழில் சூப்பர்கேர்ள் சாகிறாள், 8ஆம் இதழில் பேரி ஆலன் ஓடி ஓடியே உயிரை விடுகிறார். அவரிடம் வளர்ந்த வாலி வெஸ்ட் அடுத்த ஃபிளாஷ் ஆனார்.

இதுதான் முதல் பெரிய ஒட்டு. இதற்குப் பின்னால் ஜான் பர்ன் 1986இல் சூப்பர்மேனையும், ஃபிராங்க் மில்லரும் டேவிட் மாஸுகெல்லியும் 1987இல் பேட்மேனின் முதல் வருடத்தையும், பெரெஸ் அதே வருடம் வொண்டர் உமனையும் புதிதாக எழுதினார்கள். பிரச்சினை என்னவென்றால் எல்லோரும் ஒரே நாளில் புதிதாகத் தொடங்கவில்லை. பர்னின் சூப்பர்மேன் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை. ஆனால் லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் என்ற எதிர்காலக் குழு அந்தச் சூப்பர்பாயைப் பார்த்துத்தான் உருவானது. அஸ்திவாரத்தை எடுத்துவிட்டு மாடி வீட்டை அப்படியே நிற்க வைக்கப் பார்த்தார்கள். கடைசியில் 'அந்தச் சூப்பர்பாய் ஒரு குட்டிப் பிரபஞ்சத்திலிருந்து வந்தவன்' என்று 1987இல் சமாளித்தார்கள்.

சிறகு கட்டிப் பறக்கும் ஹாக்மேனின் கதை இன்னும் மோசம். 1989இல் 'ஹாக்வேர்ல்ட்' என்று அவருடைய ஆரம்பக் கதையை எழுதினார்கள், நன்றாகவே இருந்தது. அடுத்த வருடம் அதைத் தொடராக்கியபோது, கதை இப்போதுதான் நடக்கிறது என்று வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் இத்தனை நாள் ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோக்கள் குழுவில் இருந்த ஹாக்மேன் யார்? அவர் வேற்றுக்கிரக ஒற்றர் என்று ஒரு விளக்கம் வந்தது. அதைச் சரிசெய்ய இன்னொன்று. அந்த முடிச்சை ஓரளவு அவிழ்க்க 2018 ஆயிற்று.

1994இல் வந்த 'ஸீரோ அவர்' இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்கத்தான். 4, 3, 2, 1, 0 என்று தலைகீழாக எண் போட்டு வந்த ஐந்து இதழ்கள். லீஜன் ரசிகராக இருந்தால் ஒழிய இதைத் தாண்டிப் போகலாம். 2005–06இன் 'இன்ஃபினிட் க்ரைசிஸ்', 1985இன் நேரடித் தொடர்ச்சி. முந்தையதைப் படிக்காமல் தொடாதீர்கள், அனுபவித்தவன் சொல்கிறேன்.

அதில்தான் எனக்கு மிகவும் பிடித்த சமாளிப்பு இருக்கிறது. பேட்மேனுக்குத் துணையாக வரும் பையனுக்கு ராபின் என்று பெயர், அந்த வரிசையில் இரண்டாவது ராபின் ஜேசன் டாட். 1988இல் அவன் பிழைக்கலாமா சாகலாமா என்று வாசகர்களைத் தொலைபேசியில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். 72 ஓட்டில் போனான் பையன். பல வருடம் கழித்து உயிரோடு வந்து நின்றான். எப்படி? வேறோர் உலகத்துச் சூப்பர்பாய் கோபத்தில் பிரபஞ்சத்தின் சுவரைக் குத்தினானாம், அந்த அதிர்ச்சியில் கல்லறையில் உயிர் வந்ததாம். டிசியில் எதற்காவது காரணம் புரியவில்லை என்றால் ரசிகர்கள் இன்றும் 'சுவரைக் குத்தியிருப்பான்' என்பார்கள்.

அடுத்தது 2011. இறந்த பேரி ஆலனை 2008இலேயே திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். 'ஃபிளாஷ்பாயின்ட்' கதையில் அவர் தன் அம்மாவின் கொலையைத் தடுக்கக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறார், காலமே கோணிப்போகிறது. அதைச் சரிசெய்து திரும்பினால் உலகம் பழையபடி இல்லை. ஆகஸ்ட் 31, 2011 அன்று ஃபிளாஷ்பாயின்ட் கடைசி இதழும் புது ஜஸ்டிஸ் லீக் முதல் இதழும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. அடுத்த மாதம் முடிவதற்குள் மொத்தம் 52 தலைப்புகள், எல்லாம் 1ஆம் இதழிலிருந்து. இதுதான் நியூ 52. ஹீரோக்கள் தோன்றி ஐந்து வருடம்தான் ஆகிறது என்றார்கள். ஆனால் பேட்மேனுக்கு அதற்குள் டிக், ஜேசன், டிம், டேமியன் என்று வரிசையாக ராபின் பையன்கள், அதில் டேமியனுக்குப் பத்து வயது. கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. அப்புறம் டிம் ராபினாகவே இருந்ததில்லை என்று மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் ஒட்டவில்லை.

இந்தக் கலவரத்தில் வாலி வெஸ்ட் காணாமலே போனார். 2016 மே மாதம் 'டிசி யுனிவர்ஸ்: ரீபர்த்' என்ற 80 பக்க இதழில் திரும்பி வந்தார். அதற்குக் கொஞ்சம் பொறுங்கள். 2021க்கு அப்புறம் 'எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் நடந்ததுதான்' என்ற இடத்துக்கு டிசி வந்துசேர்ந்தது. 2025இல் மார்க் வேய்ட் நான்கே இதழ்களில் முழு வரலாற்றையும் கோத்து ஒரு தொடர் எழுதினார். கதை சொல்வது யார் தெரியுமா? பேரி ஆலன். ஆனால் அதை முதலில் படிக்காதீர்கள். ஊரைப் பார்க்காதவனுக்கு வரைபடம் வெறும் கோடு.

மூன்றாம் படி: கையில் உள்ள புத்தகத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள்

கடையில் 'பேட்மேன், தொகுதி 1' என்று மூன்று புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றும் அசல்தான். 'தி கோர்ட் ஆஃப் அவுல்ஸ்', 'ஐ ஆம் காத்தம்', 'ஃபெயில்சேஃப்'. அட்டையை மூடி வைத்துவிட்டு, பதிப்பாளர் விவரம் உள்ள பக்கத்தைத் திறங்கள். அங்கே பொடி எழுத்தில், எந்தெந்தத் தனி இதழ்களாக எந்த வருடம் வெளியானது என்று போட்டிருக்கும். முதல் புத்தகத்தில் பேட்மேன் 1 முதல் 7, வருடம் 2011, 2012. ஆகவே நியூ 52, எழுத்து ஸ்காட் ஸ்னைடர். இரண்டாவதில் ரீபர்த் சிறப்பிதழும் 1 முதல் 6 வரையும், வருடம் 2016. டாம் கிங். மூன்றாவதில் 125 முதல் 130, வருடம் 2022. சிப் ஸ்டார்ஸ்கி. தொகுதி 1 என்று போட்டுவிட்டு உள்ளே 125ஆம் இதழிலிருந்து தொடங்குகிறது. டாம் கிங் தொடங்கிய அதே தொடரின் எண்ணிக்கை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத்தாளர் மட்டும் புதியவர். 'தொகுதி 1' என்றால் அந்த எழுத்தாளருக்கு முதல் தொகுதி என்று அர்த்தம்.

எண்களே சில நேரம் கதை சொல்லும். ஆக்‌ஷன் காமிக்ஸ் 2011இல் 904ஆம் இதழோடு நின்று, மறுபடி 1இலிருந்து 52 வரை போனது. 2016இல் அடுத்த இதழுக்கு 957 என்று எண் போட்டார்கள். 904ஐயும் 52ஐயும் கூட்டுங்கள், 956. நடுவில் நடந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்லாமல் சொன்னார்கள். 2018இல் 1000ஆவது இதழ் வந்ததும் இப்படிக் கூட்டியதால்தான்.

இன்னொன்று. 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்', 'ரெட் சன்', 2024இல் தொடங்கிய 'ஆப்ஸலூட் பேட்மேன்' போன்றவை இந்த வழக்கமான உலகத்தில் சேராத தனிக் கதைகள். இவற்றுக்கு ஒட்டும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். முதல் புத்தகம் எது என்று கேட்பவருக்கு நான் கையில் கொடுப்பது ஆல் ஸ்டார்தான். 12 இதழ், தொடங்கி முடிந்துவிடும்.

நான்காம் படி: எழுத்தாளரின் ரன்னைப் பிடியுங்கள்

ரன் என்றால் ஒரே எழுத்தாளர் ஒரு தலைப்பைத் தொடர்ந்து எழுதிய காலம். ரீபூட் வந்தாலும் நல்ல ரன் சாகாது. இதற்கு கிரீன் லேன்டர்னைவிட நல்ல சாட்சி இல்லை. ஜெஃப் ஜான்ஸ் 2004இல் 'கிரீன் லேன்டர்ன்: ரீபர்த்' என்று தொடங்கி, 2005இல் புதுத் தொடர் ஆரம்பித்து 67 இதழ் போனார். அப்போதுதான் நியூ 52 வந்தது. அடுத்த இதழின் எண் 1. உலகமே மாறிவிட்டது என்று விளம்பரம். உள்ளே திறந்தால் 67ஆம் இதழ் விட்ட இடத்திலிருந்து கதை ஓடுகிறது! 2013இல் 20ஆம் இதழில்தான் முடித்தார். அதை வரிசையாகப் படிப்பவருக்கு நடுவில் ஒரு ரீபூட் நடந்ததே உறைக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அதைத் தொடவில்லை.

அதனால் 'நியூ 52 படிக்கலாமா' என்று கேட்காதீர்கள். 'ஸ்னைடரும் ஓவியர் கபுல்லோவும் செய்த பேட்மேன் படிக்கலாமா' என்று கேளுங்கள். அதற்கு என் பதில்: தாராளமாக. வாலி வெஸ்டைத் தெரிந்துகொள்ள 1992இல் மார்க் வேய்ட் 62ஆம் இதழிலிருந்து எழுதிய ஃபிளாஷ். கிரேக்கக் கடவுளர் பிடிக்கும் என்றால் பெரெஸின் வொண்டர் உமன். ஒன்றை எடுத்தால் முடிக்கும் வரை வேறொன்றைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஈவென்ட் வந்தால் ஓரமாக நில்லுங்கள்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ரன்னுக்கு நடுவே திடீரென்று வானம் சிவப்பாகும், யாரென்றே தெரியாத பத்துப் பேர் வந்து குதிப்பார்கள். பல தலைப்புகளையும் சேர்த்து இழுக்கும் பெரிய கதைக்கு ஈவென்ட் என்று பெயர், அதற்காக மற்றத் தலைப்புகளில் வரும் கிளைக்கதைதான் டை-இன். 'இன்ஃபினிட் க்ரைசிஸ்' வெறும் 7 இதழ். ஆனால் அதற்கு முன்னோட்டமாக மட்டுமே ஆறாறு இதழாக நான்கு குறுந்தொடர்கள் வந்தன. எல்லாவற்றையும் வாங்கினால் பர்ஸ் கிழியும். முதன்மைத் தொடரை மட்டும் படியுங்கள். டை-இன்னை உங்கள் எழுத்தாளரே எழுதியிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வேறு யாரோ எழுதியது என்றால் விடுங்கள்.

ஆறாம் படி: முரண் தட்டினால் ஒரே கேள்வி

'எது நிஜத்தில் நடந்தது?' என்று தேடிப் போனால் விடியாது. 'இந்தக் கதையில் யாருக்கு எது ஞாபகம் இருக்கிறது?' என்று கேளுங்கள். கதாபாத்திரத்துக்கு ஞாபகம் இருப்பது மட்டும்தான் அந்தக் கதைக்குத் தேவை.

2016 ரீபர்த் இதழ் முழுக்க இந்தக் கேள்வியால் ஆனது. வாலி வெஸ்ட் காலத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு கரைந்துகொண்டிருக்கிறார். யாராவது ஒருவர் அவரை ஞாபகம் வைத்திருந்தால்தான் திரும்ப முடியும். பேட்மேனிடம் போகிறார், தெரியவில்லை. தன் மனைவியாக இருந்த லிண்டாவிடம் போகிறார். அவள் இவரை யாரோ என்று பார்க்கிறாள். கடைசியில் விடைபெற்றுக்கொள்ள மட்டும் பேரியின் முன்னால் வந்து நிற்கிறார். நன்றி சொல்லிவிட்டுக் கரைகிற நேரத்தில் பேரி "வாலி" என்று பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார். அப்புறம் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முழுப்பக்கம். ஐந்து வருடமாக வாலி எங்கே, வாலி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் அந்தப் பக்கத்தில் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முந்தைய கதை ஒன்றுகூடப் படிக்காத என் தம்பி மகன் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினான்.

சூப்பர்மேனுக்கும் இதே கேள்விதான். 2015–16இல் ஒரே உலகத்தில் இரண்டு சூப்பர்மேன்கள். ஒருவர் நியூ 52காரர், இன்னொருவர் ஃபிளாஷ்பாயின்ட்டுக்கு முந்தையவர், லோயிஸைக் கல்யாணம் செய்து ஜான் என்ற மகனோடு ரகசியமாக வாழ்பவர். இளையவர் இறந்தார், மூத்தவர் மேலாடையை வாங்கிக்கொண்டார், 2017இல் இருவருடைய வாழ்க்கையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். எந்தக் கதையில் அவருக்கு மகன் ஞாபகம் இருக்கிறானோ, அது மூத்தவர் வந்ததற்குப் பிந்தைய கதை.

ஏழாம் படி: மார்வெலுக்கு இந்த வரைபடம் செல்லாது

மார்வெல் தன் முதன்மை உலகத்தை டிசி மாதிரி அழித்து எழுதுவதில்லை. 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடங்கியதிலிருந்து ஒரே கதைதான். ஆனால் அந்த 1961 எப்போதும் 'ஒரு பத்துப் பதினைந்து வருடம் முன்பு' என்று நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 1963இல் வியட்நாமில் காயப்பட்ட அயர்ன் மேன் போன்றவர்களுக்கு வயது உதைத்தது. 2019இல் சியான்காங் என்று ஒரு கற்பனை நாட்டுப் போரை உருவாக்கி அந்தத் தேதிப் பிரச்சினையைக் கழற்றிவிட்டார்கள். அமேசிங் ஸ்பைடர்மேன் இதழ் எண் 1 ஆனது 1999, 2014, 2015, 2018, 2022 என்று பல தடவை. அவை எல்லாம் ரீலாஞ்ச், கதை போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' என்ற பெயரில் 2000இல் வந்தது பள்ளிக்கூடப் பையன், 2024இல் வந்தது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள பீட்டர். இரண்டும் வேறு வேறு உலகம். பொடி எழுத்தைப் பாருங்கள்.

கடைசிப் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர். கீழே படித்த ரன், எழுத்தாளர், வருடம், எந்த ஒட்டுக்கு முன்னால் அல்லது பின்னால், கடைசியாக அவருக்கு எது ஞாபகம் இருந்தது. நாலு வரி போதும். ஆறு மாதம் கழித்து அடுத்த தொகுதி கையில் கிடைக்கும்போது இணையத்தில் அரை நாள் தேடுவது மிச்சம். பேனாவில் எழுதலாம், தப்பில்லை. ஹாக்மேன் பக்கத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள்.